அலெக்ஸ் லனியே: யோகோஹாமாவுக்குப் போன வழி

அலெக்ஸ் லனியே 2005 ஜனவரி 26 அன்று பிரான்ஸின் வடமேற்கே நார்மண்டிப் பகுதியில் உள்ள கான் நகரில் பிறந்தார். திரைப்பட விழாவால் உலகம் அறிந்த தென்கடற்கரைக் கான் வேறு. இது ஆங்கிலக் கால்வாயை அடுத்த கான். 1066இல் இங்கிலாந்தை வென்ற வில்லியம் மன்னர் அடக்கமான ஊர் இது. 1944இல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டிக் கரையில் இறங்கியபோது குண்டுவீச்சில் பெரும்பகுதி தரைமட்டமாகி, போருக்குப் பின் மறுபடி கட்டப்பட்டது. அந்த ஊரில் பிறந்த இளைஞர் 19 வயதில், 2024 ஆகஸ்ட் 25 அன்று, யோகோஹாமாவில் ஜப்பான் ஓபன் ஆடவர் ஒற்றையர் பட்டத்தை வென்றார். உலகப் பேட்மிண்டன் சுற்றில் சூப்பர் 750 என்னும் மேல்தட்டில் ஆடவர் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் பிரெஞ்சுக்காரர் அவர். எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஐரோப்பியச் சாம்பியனும் ஆனார்.

பேட்மிண்டனில் ஆடவர் ஒற்றையர் பட்டங்கள் நெடுங்காலமாகச் சில நாடுகளுக்குள்ளேயே சுற்றிவந்தன. ஆசியாவில் இந்தோனேசியா, சீனா, மலேசியா, ஐரோப்பாவில் டென்மார்க். மற்ற நாடுகளிலிருந்து எப்போதாவது ஒருவர் வருவார், ஒரு பெரிய ஆட்டக்காரரைச் சாய்த்துச் செய்தியாவார், பிறகு அந்த நாட்டின் பெயரே காணாமல் போகும். லனியே தனியே வந்தவர் அல்லர் என்பதுதான் அவருடைய கதையில் கவனிக்க வேண்டியது. அவருக்கு முன்னே இருவர் அதே தரத்தில் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. ஒரே நாட்டிலிருந்து ஒரே காலத்தில் மூவர் எப்படி வந்தார்கள் என்பதைச் சொல்லாமல் லனியேயின் வெற்றியைச் சொல்ல முடியாது.

பிரான்ஸில் இந்த ஆட்டம் கரையேறிய இடமும் நார்மண்டியே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், இங்கிலாந்திலிருந்து கப்பல் வந்து நிற்கும் தியெப் துறைமுக நகரில் முதல் கிளப் தொடங்கியது. 1909இல் பிரெஞ்சு சர்வதேசப் போட்டியும் ஆரம்பமானது. 1934இல் சர்வதேச பேட்மிண்டன் சம்மேளனம் நிறுவப்பட்டபோது கையெழுத்திட்ட ஒன்பது நாடுகளில் பிரான்ஸும் ஒன்று. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, டென்மார்க், நெதர்லாந்து, கனடா, நியூசிலாந்து ஆகியவை மற்ற எட்டு. இன்று பேட்மிண்டன் என்றதும் நினைவுக்கு வரும் ஆசிய நாடுகளில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.

இவ்வளவு முன்பே தொடங்கியும் பிரான்ஸ் முன்னேறவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நெடுங்காலம் பேட்மிண்டன் அங்கே டென்னிஸ் சம்மேளனத்தின் கிளையாகவே நடந்தது. ரோலண்ட் காரோஸ் என்ற மாபெரும் திருவிழாவை நடத்தும் சம்மேளனத்துக்கு இறகுப்பந்து ஒரு பொருட்டாக இருந்திருக்க வாய்ப்பில்லை. 1979 வாக்கில்தான் தனிச் சம்மேளனம் மீண்டும் அமைந்தது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பேட்மிண்டன் பதக்க விளையாட்டானதும் நிலைமை மாறியது. ஒலிம்பிக்கில் இடம்பெற்ற விளையாட்டுக்கு பிரெஞ்சு அரசு பயிற்சியாளர், பயிற்சி நிலையம், நிதி என்று ஒரு கட்டமைப்பையே தருவது வழக்கம்.

ஆனால் பெரிய மாற்றம் நடந்த இடம் பள்ளிக்கூடம். பிரான்ஸில் சிற்றூர்களில்கூட நகராட்சி கட்டிய உள்விளையாட்டுக் கூடம் இருக்கும். கூடைப்பந்து, கைப்பந்து, ஹேண்ட்பால் எல்லாவற்றுக்கும் ஒரே தரையில் பல நிறங்களில் கோடு போட்டிருப்பார்கள். அதில் பேட்மிண்டன் கோடும் உண்டு. நான்கைந்து வலைகளைக் கட்டினால் ஒரு வகுப்பு முழுவதும் ஒரே நேரத்தில் ஆடலாம். மாணவர்களும் மாணவிகளும் சேர்ந்து ஆடலாம். செலவு குறைவு, காயமும் குறைவு. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இதைவிட வசதியான ஆட்டம் கிடைப்பது அரிது. பள்ளிப் போட்டிகளில் மிக அதிகமாக ஆடப்படும் விளையாட்டுகளில் ஒன்றாகப் பேட்மிண்டன் வளர்ந்தது இப்படித்தான். சம்மேளனத்தில் உரிமம் பெற்ற ஆட்டக்காரர்களின் எண்ணிக்கை பின்னாளில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. லனியேயின் தலைமுறை வளர்ந்தது இப்படி ஆட்டம் எங்கும் பரவிவிட்ட நாட்டில்.

எண்ணிக்கை பெருகினால் மட்டும் சாம்பியன் வந்துவிடுவதில்லை. பிரான்ஸின் முதல் பெரிய பெயர் அந்தப் பள்ளிக் கூடங்களில் உருவானதும் அல்ல. சீனாவின் சோங்சிங் நகரில் 1979இல் பிறந்த பி ஹோங்யான் சீன அணியில் இடமில்லாமல் ஐரோப்பாவுக்கு வந்து, டென்மார்க் வழியாகப் பிரான்ஸில் நிலைத்து, அந்த நாட்டின் குடிமகளானார். 2009இல் ஹைதராபாத்தின் கச்சிபௌலி அரங்கில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் ஒற்றையர் வெண்கலம் வென்றார். உலகச் சாம்பியன்ஷிப்பில் பிரான்ஸ் பெற்ற முதல் பதக்கம் அது. உலகின் முன்னணி ஆட்டக்காரர்களுடன் தினமும் மோதும் ஒருவரைப் பிரெஞ்சு இளையவர்கள் தங்கள் பயிற்சிக் கூடத்திலேயே பார்க்கும் வாய்ப்பு பி ஹோங்யானால்தான் கிடைத்தது.

ஆடவர் பக்கம் அந்த இடத்தை வகித்தவர் பிரிஸ் லெவெர்டெஸ். 1986இல் பிறந்த இவர் பல முறை தேசியச் சாம்பியன். உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள் நிலைத்தவர் அல்லர். ஆனாலும் 2017 ஆகஸ்டில் கிளாஸ்கோ உலகச் சாம்பியன்ஷிப்பின் முதல் சுற்றில் மலேசியாவின் லீ சோங் வெய்யை 21-19, 22-24, 21-17 என்று வீழ்த்தினார். மூன்று ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற லீ, உலகப் பட்டம் ஒன்றை எப்படியாவது கைப்பற்ற வேண்டும் என்று வந்திருந்த நேரம் அது. இரண்டாம் கேமை 22-24 என்று இழந்தவர் மூன்றாவதில் குலையாமல் நின்றதைத்தான் இங்கே பார்க்க வேண்டும். பெரிய ஆட்டக்காரர் விட்டதைப் பிடிக்கும்போது சிறிய ஆட்டக்காரர் நம்பிக்கை இழப்பதே வழக்கம். லெவெர்டெஸ் இழக்கவில்லை. அப்போது லனியேவுக்கு வயது 12.

லெவெர்டெஸின் இந்த வெற்றிக்குச் சற்று முன்பே பிரெஞ்சுச் சம்மேளனம் டென்மார்க்கிடமிருந்தே பாடம் கற்க முடிவு செய்தது. 2015இல் பீட்டர் கேடைப் பாரிஸுக்கு அழைத்து வந்தது. உலகின் முதல்நிலை ஆட்டக்காரராக இருந்தவர் கேட். 1999இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்றவர், ஐரோப்பிய ஆடவர் ஒற்றையர் பட்டத்தை 1998, 2000, 2004, 2006, 2010 என்று ஐந்து முறை வென்றவர். பாரிஸின் கிழக்கு ஓரத்தில், வென்சேன் காட்டுக்குள் இருக்கும் இன்செப் என்ற தேசிய விளையாட்டு நிறுவனத்தில் அவர் சில ஆண்டுகள் பிரெஞ்சு அணியின் பயிற்சியை வழிநடத்தினார். இன்செப் விடுதியும் பள்ளியும் மருத்துவமும் ஒரே வளாகத்தில் உள்ள இடம். பல விளையாட்டுகளின் தேசிய அணிகள் அங்கேயே தங்கிப் பயில்கின்றன. அதற்குக் கீழே வட்டார அளவில் இளையோர் பயிற்சி நிலையங்கள் உண்டு. திறமை தெரிந்த சிறுவன் பதினான்கு, பதினைந்து வயதில் வீட்டை விட்டு இந்த நிலையங்களில் சேர்வது அங்கே சாதாரணம். கேட் விதைத்ததில் எவ்வளவு முளைத்தது என்று அளந்து சொல்வது கடினம். பயிற்சியின் கடுமை குறித்து அணிக்குள் இருந்த எண்ணத்தை அவர் மாற்றினார் என்று சொல்வது மிகையாகாது.

முதல் விளைச்சல் 2017இல் தெரிந்தது. அந்த ஆண்டு ஐரோப்பிய ஜூனியர் சாம்பியன்ஷிப் பிரான்ஸின் கிழக்கு நகரமான முலூஸில் நடந்தது. டோமா ஜூனியர் போபோவ் ஒற்றையர் பட்டத்தையும், டோம் ஜிக்கேலுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தையும் வென்றார். அணிப் பட்டமும் பிரான்ஸுக்கே வந்தது. டோமாவும் அவர் தம்பி கிறிஸ்டோவும் பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் பிறந்தவர்கள். டோமா 1998இல், கிறிஸ்டோ 2002இல். தந்தை தோமாஸ் போபோவும் பேட்மிண்டன்காரர், பயிற்சியாளர். பிள்ளைகள் சிறுவர்களாக இருக்கும்போதே குடும்பம் பிரான்ஸுக்குக் குடிபெயர்ந்து, மார்சேய் அருகே எஃகு ஆலைகளுக்கும் துறைமுகத்துக்கும் பெயர்போன ஃபோஸ்-சுர்-மேர் ஊரில் தங்கியது. அந்த ஊர்க் கிளப்பில் தந்தையே மகன்களை வளர்த்தெடுத்தார்.

தம்பி கிறிஸ்டோ இடது கைக்காரர். 2019இல் ரஷ்யாவின் கசான் நகரில் நடந்த உலக ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் இறுதிச் சுற்று வரை போய், தாய்லாந்தின் குன்லவுட் விதித்சர்னிடம் தோற்றார். குன்லவுட்டுக்கு அது தொடர்ந்து மூன்றாவது உலக ஜூனியர் பட்டம். மறு ஆண்டு, தொற்றுக்காலத்தின் நடுவே பின்லாந்தின் லாட்டியில் கிறிஸ்டோ ஐரோப்பிய ஜூனியர் சாம்பியன் ஆனார்.

லனியே இவர்களுக்கு அடுத்த படி. கிறிஸ்டோவைவிட மூன்று வயது, டோமாவைவிட ஆறு வயது இளையவர். 2022இல் செர்பியாவின் பெல்கிரேடில் நடந்த ஐரோப்பிய ஜூனியர் சாம்பியன்ஷிப்பில் ஒற்றையர் பட்டம் அவருக்குக் கிடைத்தது. ஜூனியர் வயது முடியும் முன்பே அவர் பெரியவர்களின் போட்டிகளில் இறங்கிவிட்டார். ஜூனியர் பட்டங்களைக் குவித்துவிட்டுப் பெரியவர்கள் நடுவே வந்ததும் திணறிப் போனவர்கள் பேட்மிண்டன் வரலாற்றில் ஏராளம். பதினாறு, பதினேழு வயதில் இருபத்தைந்து வயது ஆட்டக்காரரிடம் தோற்பது அவமானம் அல்ல, அதுவே கல்வி என்று நினைத்தால்தான் இந்த மாற்றம் சுமுகமாக நடக்கும்.

இங்கே உலகத் தரவரிசை எப்படி இயங்குகிறது என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஓர் ஆட்டக்காரர் கடந்த 52 வாரங்களில் ஆடிய போட்டிகளில் அதிகப் புள்ளி தந்த பத்து மட்டும் கணக்கில் வரும். சூப்பர் 1000 போட்டியை வென்றால் 12,000 புள்ளி. சூப்பர் 750க்கு 11,000. சூப்பர் 500க்கு 9,200. சூப்பர் 300க்கு 7,000. சூப்பர் 100க்கு 5,500. அதற்கும் கீழே சர்வதேச சேலஞ்ச் போட்டிகளில் வெற்றிக்கு 4,000, சர்வதேச சீரிஸில் 2,500. மேல்தட்டுப் போட்டிகளில் ஒற்றையருக்கு 32 பேருக்குத்தான் இடம். தரவரிசையில் பின்னால் இருப்பவர் அங்கே நுழையவே முடியாது. கீழ்த்தட்டில் வாரம் ஒரு நாட்டுக்குப் போய், ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடி, ஐநூறு, ஆயிரம் என்று புள்ளி சேர்த்துத்தான் மேலே வர வேண்டும்.

சென்னையிலோ கொழும்பிலோ இருக்கும் இளைஞருக்கு இந்தக் கீழ்த்தட்டுப் போட்டிகளின் பெரும்பகுதி விமானப் பயணம், விசா, தங்கும் செலவு. பிரெஞ்சு இளைஞருக்கோ அவற்றில் பல, ரயிலில் போய்த் திரும்பும் தூரம். ஐரோப்பாவில் வாரந்தோறும் ஏதோ ஒரு நாட்டில் சேலஞ்ச் அல்லது சீரிஸ் போட்டி நடக்கும். பிரான்ஸிலேயே ஓர்லியான் மாஸ்டர்ஸ் உண்டு; முதலில் சூப்பர் 100 தரத்தில் இருந்து 2023 முதல் சூப்பர் 300 ஆனது. அதற்கு மேலே பிரெஞ்சு ஓபன், சூப்பர் 750. இரண்டாயிரத்து ஐநூறு புள்ளிப் போட்டியிலிருந்து பதினோராயிரம் புள்ளிப் போட்டி வரை ஒரே நிலப்பரப்பில் படிப்படியாக ஏறும் வசதி ஆசியாவுக்கு வெளியே மிகச் சில நாட்டவருக்குத்தான் உண்டு. 2022இல் ஓர்லியானில் இந்தியாவின் மிதுன் மஞ்சுநாத்தை இறுதிச் சுற்றில் வென்று டோமா பட்டம் பெற்றார். அந்த ஊர்க் கூட்டத்தின் முன் ஒரு பிரெஞ்சுக்காரர் வெல்வது அடுத்தடுத்து வந்த இளையவர்களுக்கு எட்டக்கூடிய இலக்காகவே தெரிந்திருக்கும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக் லனியேயின் கைக்கு எட்டவில்லை. ஒலிம்பிக் ஒற்றையரில் ஒரு நாட்டுக்கு இயல்பாக ஓர் இடமே. அந்த நாட்டின் இருவரும் தகுதிப் பட்டியலின் முதல் 16க்குள் இருந்தால் மட்டுமே இரண்டாவது இடம் கிடைக்கும். பாரிஸுக்கான தகுதிக் காலம் 2023 மே 1 முதல் 2024 ஏப்ரல் 28 வரை. அந்தக் காலம் தொடங்கியபோது லனியேவுக்கு 18 வயது. இன்னும் கீழ்ப்படிகளில் புள்ளி சேர்த்துக்கொண்டிருந்தார். தாய்நாட்டு மண்ணில், பாரிஸின் வடக்கே போர்ட் தெ லா ஷாப்பெல் அரங்கில், பிரான்ஸுக்காக ஆடவர் ஒற்றையர் ஆடியவர் டோமா ஜூனியர். டென்மார்க்கின் விக்டர் ஆக்சல்சன் தங்கத்தைத் தக்கவைத்தார், குன்லவுட் வெள்ளி, மலேசியாவின் லீ ஸீ ஜியா வெண்கலம், இந்தியாவின் லக்‌ஷ்யா சென் நான்காம் இடம். பேட்மிண்டன் ஆட்டங்கள் ஆகஸ்ட் 5 அன்று முடிந்தன.

ஜப்பான் ஓபன் தொடங்கியது ஆகஸ்ட் 20 அன்று. ஒலிம்பிக் ஆடியவர்களுக்கு இடையில் இரண்டு வாரமே ஓய்வு. இரண்டு, மூன்று ஆண்டுகள் ஒரே தேதியைக் குறிவைத்து உடலையும் மனத்தையும் தீட்டியவர்களுக்கு அதன் பின் வரும் முதல் போட்டி எப்போதுமே கடினம். ஒலிம்பிக் ஆடாத லனியே அந்தச் சோர்வு இல்லாமல் யோகோஹாமாவுக்குப் போனார். இதைச் சொல்வது அவர் வெற்றியைக் குறைப்பதற்காக அல்ல. களைத்தவர்களானாலும் உலகின் முதல் முப்பதுக்குள் இருப்பவர்களை ஐந்து நாள் தொடர்ந்து வெல்ல வேண்டும். போட்டித் தரவரிசையில் இடம்பெறாத ஒரு 19 வயதுக்காரர் அதைச் செய்தார்.

இறுதிச் சுற்றில் எதிரே நின்றவர் தைவானின் சோ தியென்-சென். 1990இல் பிறந்தவர், லனியேயைவிடப் பதினைந்து வயது மூத்தவர், 2019இல் இந்தோனேசியா ஓபன் வென்றவர். நீண்ட ரேலிகளில் எதிராளியைத் தேயவைக்கும் ஆட்டக்காரர் என்று பெயர் பெற்றவர். மூன்று கேம் ஆட்டமா, ஒன்றேகால் மணி நேரமா, எதுவானாலும் சோ அலுக்கமாட்டார். அவரிடம் மூன்றாம் கேமுக்குப் போவது இளைஞருக்கு ஆபத்து. லனியே முதல் கேமை 21-17 என்று எடுத்தார். இரண்டாவது கேம் 20-20 வரை வந்தது.

அந்தக் கட்டத்தின் விதி சற்று விளக்கத்தக்கது. ஒரு கேமுக்கு 21 புள்ளி. 20-20 ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். இருவரும் விடாமல் போனால் 29-29 வரை நீளும், அடுத்த புள்ளி எடுத்தவருக்கே கேம். முதல் கேமை வென்றவர் 20-20இல் ஒரு புள்ளி எடுத்தால் பட்டத்துக்கு ஒரே ஒரு அடி தள்ளி நிற்பார். அதை இழந்தால் அந்தக் கேம் எதிராளியின் பக்கம் சாய்ந்துவிடும், மூன்றாம் கேம் கண்ணில் தெரிய ஆரம்பிக்கும். அனுபவசாலி இந்த நேரத்தில் பந்தை உள்ளே வைத்து எதிராளியின் தவறுக்காகக் காத்திருப்பார். இளையவர் அவசரப்பட்டுக் கோட்டைக் குறிவைத்து வெளியே அடிப்பார். யோகோஹாமாவில் அப்படி நடக்கவில்லை. அடுத்த இரண்டு புள்ளிகளும் லனியேவுக்கே. 21-17, 22-20 என்று நேர் கேம்களில் பட்டம் பிரான்ஸுக்குப் போனது.

லனியேயின் ஆட்டத்தில் முதலில் தெரிவது வேகம். ஒற்றையர் ஆடுகளம் 13.40 மீட்டர் நீளம், 5.18 மீட்டர் அகலம். இதில் பாதிதான் ஒருவருடைய பொறுப்பு. வலையின் உயரம் நடுவில் 1.524 மீட்டர். பந்தோ பதினாறு இறகுகளைத் தக்கையில் செருகிய ஐந்து கிராம் எடையுள்ள பொருள். ஸ்மாஷ் அடித்த கணத்தில் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிப் பறக்கும். ஆனால் இறகுகள் காற்றை எதிர்ப்பதால் எதிராளியை அடையும்போது வேகம் வெகுவாகக் குறைந்திருக்கும். ஆகவே ஒற்றையரில் ஓங்கி அடிப்பதால் மட்டும் புள்ளி கிடைப்பதில்லை. எதிராளி பின்கோட்டிலிருந்து வலைக்கும், வலையிலிருந்து பின்கோட்டுக்கும் ஓடி, ஒரு கால் அடி தாமதமாகும் நொடியில் அடிப்பதே புள்ளி. இந்தத் தாமதத்தை இருவழிகளில் உண்டாக்கலாம். ஒன்று, சோவைப் போல ரேலியை நீட்டிக் களைக்கவைப்பது. மற்றொன்று, பந்து உயரத்தில் இருக்கும்போதே முன்கூட்டி எட்டிப் பிடித்து எதிராளிக்கு மூச்சுவிடும் நேரத்தைக் குறைப்பது. லனியே இரண்டாம் வழிக்காரர். கால்கள் உடன்படும் நாளில் இந்த ஆட்டத்தைத் தடுப்பது கடினம். அவை உடன்படாத நாளில் அதே வேகம் தவறுகளாக மாறும். இளம் ஆட்டக்காரர்களின் முடிவுகளில் பட்டமும் முதல் சுற்றுத் தோல்வியும் அருகருகே வருவதற்கு இதுவும் காரணம்.

யோகோஹாமா ஒரு முறை நேர்ந்த விபத்து அல்ல என்பதை 2025 காட்டியது. மார்ச் மாதம் ஓர்லியான் மாஸ்டர்ஸில் தைவானின் லின் சுன்-யியை இறுதிச் சுற்றில் வென்று லனியே பட்டம் பெற்றார். மூன்று ஆண்டுக்கு முன் டோமா வென்ற அதே பட்டம், இப்போது உயர்ந்த தரத்தில்.

ஏப்ரலில் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் ஐரோப்பியச் சாம்பியன்ஷிப். 1968இல் தொடங்கிய இந்தப் போட்டியின் ஆடவர் ஒற்றையர் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் டேனிஷ் பெயர்களே. ஃப்ளெமிங் டெல்ஃப்ஸ், மோர்டன் ஃப்ராஸ்ட், போல்-எரிக் ஹோயர், பீட்டர் கேட், ஆக்சல்சன், ஆண்டர்ஸ் அன்டோன்சன். தொடக்க ஆண்டுகளில் ஸ்வீடனின் ஸ்துரே யோன்சன், 2012இல் ஜெர்மனியின் மார்க் ஸ்விப்ளர், 2017இல் கேரள வம்சாவளி இங்கிலாந்து ஆட்டக்காரர் ராஜீவ் ஔசேப் போன்ற சிலரே இடையில் புகுந்தவர்கள். 2025இல் லனியே பட்டம் வென்றபோது அந்தப் பட்டியலில் முதல் பிரெஞ்சுப் பெயர் ஏறியது, அதுவும் டென்மார்க் மண்ணில். அந்த வசந்தத்தில் முதுகு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஆக்சல்சன் ஹோர்சன்ஸில் ஆடவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். கேடை அழைத்து டேனிஷ் முறையைக் கற்ற நாடு, பத்து ஆண்டு கழித்து, கேட் ஐந்து முறை வென்ற பட்டத்தை எடுத்துக்கொண்டது. லனியே கேடின் நேரடி மாணவர் அல்லர். கேட் பாரிஸுக்கு வந்தபோது லனியேவுக்குப் பத்து வயது. கேட் போன பிறகும் பயிற்சிக் கூடத்தின் பழக்கங்கள் மாறவில்லை.

ஜூலையில் லனியே ஜப்பான் ஓபனில் மீண்டும் இறுதிச் சுற்றுக்கு வந்தார். இம்முறை எதிரே சீனாவின் ஷி யூச்சி. பட்டத்தைத் தக்கவைக்க முடியவில்லை. ஆனாலும் ஒரு பெரிய போட்டியில் முதல் ஆண்டு பட்டம், மறு ஆண்டு இறுதிச் சுற்று என்பது தற்செயலாக வருவதல்ல. உலகத் தரவரிசையில் முதல் பத்துக்குள்ளும் அவர் வந்துவிட்டார்.

ஆகஸ்டில் உலகச் சாம்பியன்ஷிப் பாரிஸுக்கே வந்தது, ஒலிம்பிக் நடந்த அதே அரங்கில். ஓராண்டு முன் ஒலிம்பிக்கில் இடம் இல்லாதவர் இப்போது பிரான்ஸின் பெரிய நம்பிக்கைகளில் ஒருவர். ஆனால் ஆடவர் ஒற்றையரில் பிரான்ஸுக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. ஷி யூச்சி இறுதிச் சுற்றில் குன்லவுட்டை வென்று தங்கம் பெற்றார். அன்டோன்சனும் கனடாவின் இளைஞர் விக்டர் லாயும் வெண்கலம் பெற்றனர். ஒற்றையரில் உலகப் பதக்கம் வென்ற பிரெஞ்சுப் பெயராக 2009 ஹைதராபாத்தின் பி ஹோங்யானே நீடித்தார்.

இதற்கிடையே கிறிஸ்டோ போபோவ் வேறொரு திசையில் உயர்ந்துகொண்டிருந்தார். 2025 மார்ச்சில் பாசலில் நடந்த சுவிஸ் ஓபனில் சென்னையின் சங்கர் முத்துசாமி, உலகின் இரண்டாம் நிலையில் இருந்த அன்டோன்சனை மூன்று கேம்களில் வீழ்த்தித் தமிழக விளையாட்டுப் பக்கங்களில் தலைப்பானார். காலிறுதியில் அந்த ஓட்டத்தை நிறுத்தியவர் கிறிஸ்டோ. அந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் சீனாவின் வெங் ஹோங்யாங்கிடம் கிறிஸ்டோ தோற்றார். ஆண்டு முடிவில், டிசம்பர் மாதம், சீனாவின் ஹாங்சோவில் நடந்த உலக டூர் ஃபைனல்ஸில் இறுதிச் சுற்றுக்கு வந்து, உள்ளூர் ரசிகர்கள் முன் உலகச் சாம்பியன் ஷி யூச்சியை நேர் கேம்களில் வென்றார். ஆண்டு முழுவதும் சேர்த்த புள்ளிகளின்படி சிறந்த எட்டுப் பேர் மட்டும் ஆடும் போட்டி அது. ஆடவர் ஒற்றையரில் அதை வென்ற முதல் பிரெஞ்சுக்காரர் கிறிஸ்டோ.

2024இலும் 2025இலுமாக லனியேயும் கிறிஸ்டோவும் தங்கள் நாட்டுக்கு முன்பு கிடைக்காத பட்டங்களை வென்றார்கள். இருவருக்கும் மூத்தவரான டோமா ஒற்றையரையும் தம்பியுடன் இரட்டையரையும் ஒரே வாரத்தில் ஆடும் கடினமான பழக்கத்தைக் கொண்டவர். ஒரு மாலையில் இரண்டு ஆட்டம் என்பது உடலுக்கு எவ்வளவு பாரம் என்பதை ஆடியவர்கள் அறிவர். போபோவ் சகோதரர்கள் இரண்டிலும் சக்தியைப் பகிர்ந்தபோது லனியே ஒற்றையரிலேயே கருத்தாக இருந்தார். மேல்தட்டில் அவர் இவ்வளவு விரைவாக ஏறியதற்கு இந்தத் தேர்வும் துணை நின்றது.

2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கின்போது லனியேவுக்கு 23 வயது இருக்கும், கிறிஸ்டோவுக்கு 26, டோமாவுக்கு 29. ஆடவர் ஒற்றையருக்கு அது உச்ச வயது. ஆக்சல்சன் தம் இரண்டாவது ஒலிம்பிக் தங்கத்தை 30 வயதில் வென்றார். ஒரு நாட்டுக்கு ஒற்றையரில் அதிகபட்சம் இரண்டே இடம் என்பதே பாரிஸ் வரை இருந்த விதி. அது தொடர்ந்தால் மூவரில் ஒருவர் வெளியே நிற்க நேரும். 2005இல் லனியே பிறந்தபோது ஆடவர் ஒற்றையரில் ஒரே ஓர் இடத்துக்கே தடுமாறிய நாடு பிரான்ஸ்.